மதிலுக்கு மேலால் திறந்த பாதை

07.03.2007, புதன்

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். பக்கத்து வீட்டுக் கமலாசனி அன்ரியின் கொம்பியூட்டருக்கும் எங்கள் இன்டர்நெட் கிடைக்கட்டும் என்று மதிலுக்கு மேலால் வயர் இழுத்தேன். அவர்களுடைய ரவுட்டரில் தகவல் போகும் பாதையைப் போட்டேன். எங்கள் ரவுட்டரில் திரும்பி வரும் பாதையைப் போட மறந்துவிட்டேன். மாலை கொம்பியூட்டர் வகுப்பில் இதை இரண்டு தரம் சொல்லித் தந்தவர்கள். திருத்திய பிறகு, மதிலால் எட்டி அன்ரிக்கு ஒரு வசனம் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் அவா வந்தா. கதைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

— பாயையும் கட்டட்டோ சாரங்கா? பஸ்ஸில ஏத்துவாங்களோ?

— எந்தப் பஸ், அன்ரி?

— யாழ்ப்பாணப் பஸ்தான். பாதை திறந்தாச்சு எண்டு நீதானே சொன்னனீ.

— அதாவது அன்ரி, நான் சொன்னது ரவுட்டரில உள்ள பாதை.

— ரவுட்டர் எங்க கிடக்கு? முகமாலைச் செக்பொயின்ருக்கு இங்காலயோ அங்காலயோ?

— உங்கட அலுமாரிக்கு மேல.

— அந்த மினுங்குற பெட்டியோ? அதுக்குள்ளால சனம் போகுதோ?

— சனம் போகாது. கடிதம், படம், அதுகள்தான் போகும்.

— அப்ப சாமான் மட்டும் விடுறாங்கள். உண்மையைச் சொல்லு, பாஸ் எடுக்கவேணுமோ?

— பாஸ் ஒண்டும் இல்லை. அதாவது, பிழை என்னிலதான். முதல் போற பாதையை மட்டும் போட்டிட்டு, திரும்பி வாற பாதையை விட்டிட்டன்.

— திரும்பி வாற பாதை எனக்கேன்? யாழ்ப்பாணத்தில மகள் பிள்ளை பெத்து ஏழு மாசம். பேரனை இன்னும் ஒருக்கா தூக்கேல்லை. போய்ச் சேந்தாக் காணும்.

— அன்ரி, யாழ்ப்பாணம் போற ஏ நைன் றோட்டு இன்னும் பூட்டித்தான் கிடக்கு.

— உண்மையைச் சொல்லு.

— உண்மைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

— ம். அப்ப இந்தப் பெட்டியால அவன்ர படமெண்டாலும் வருமோ?

— மகள் அனுப்பினா இப்பவே வரும்.

— சரி, அதை முதல் காட்டு. பாயைப் பிறகு அவிழ்ப்பம். ஆனா மற்ற ஆக்களுக்கு நான் சொல்லமாட்டன். நீ படிச்ச பிள்ளை, நீயே சொல்லு.

— எந்த ஆக்களுக்கு?

— ஒழுங்கை முழுக்கச் சொல்லிப்போட்டனடி. பரமலிங்கம் அண்ணை பஸ் ஸ்ராண்டுக்குப் போக வானும் பிடிச்சிட்டார்.

நாளைய வேலை: காலை ஐந்தரைக்கு எங்கள் படலையடியில் பாய், பெட்டியுடன் நிற்கப்போகும் பதினேழு பேருக்கும், வான் சாரதிக்கும், ரவுட்டர் என்றால் என்ன என்று விளக்குவது.