சல்லடையில் மிஞ்சியவர்

இந்த அறையில் அடுப்பு எரிவது நல்ல விஷயம். போர் முடிந்ததிலிருந்து என் வீட்டில் ஒரே ஓர் அறையைத்தான் சூடாக்குகிறேன். ஒருவனுக்கு அது போதும்.

டாக்டர் பாக்கராக் எப்படி ரயிலில் ஏற்றப்பட்டார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலில் என் வேலை எப்படி நடக்கிறது என்று விளக்கிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது. இந்த விசாரணைக் குழுவில் ஒருவர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லது. அவருக்குச் சல்லடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நற்செய்தி நூல்களில் இயேசு பேசியதாக நிறைய இருக்கிறது. எது அவர் வாயிலிருந்தே வந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று பிரிக்க நாங்கள் இரண்டு சல்லடை வைத்திருக்கிறோம். அந்தக் காலத்து யூதர் எவர் வேண்டுமானாலும் சொல்லியிருக்கக்கூடியதை முதல் சல்லடை கழித்துவிடும். பிறகு வந்த திருச்சபை தன் வசதிக்காகச் சொல்லியிருக்கக்கூடியதை இரண்டாவது கழித்துவிடும். இரண்டிலும் விழாமல் மேலே நிற்பது மட்டும் சந்தேகமில்லாமல் அவருடையது. கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் மிஞ்சியது சுத்தமாக இருக்கும்.

முதல் சல்லடைக்கு யூதர்களின் பழைய நூல்கள் அத்தனையும் கைவசம் வேண்டும். எனக்கு எபிரெயமும் அரமேயமும் வாசிக்க வரும். ஆனால் எந்தக் கதை எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாது. பாக்கராக்குக்குத் தெரியும். அவர் யூதர். உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் ஆசிரியராக இருந்தவர். யூதர்கள் அரசு வேலையில் இருக்கக்கூடாது என்று சட்டம் மாறியதும் வேலை போயிற்று. எங்கள் ஆய்வு வட்டத்தின் நோக்கமே இயேசுவை யூதர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது. பிரிக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் தெரிந்தாக வேண்டும் என்று காவல் அலுவலகத்தில் விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்கள். வியாழக்கிழமை மதியங்களில் அவர் என் வீட்டுக்கு வரலாம் என்று அனுமதி கிடைத்தது.

கோட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். "என்ன பேராசிரியரே, இன்னிக்கு அவர்கிட்டேருந்து எதைப் பிடுங்கப் போறோம்? போன வாரம் அவங்க அம்மா சொல்லிக்குடுத்த ஜெபத்தை எடுத்துட்டோம். அதுக்கு முந்தி சாப்பாட்டு மேசை. இப்படியே போனா அந்த மனுஷன் யார்கூடத்தான் பேசுவார்?"

"உங்ககூடப் பேசுவார், டாக்டர். உங்களைத் திட்டுறதுக்கு."

"அப்போ எங்க ஆள்தான். சொந்த வீட்டுக்காரங்களைத்தான் அப்படித் திட்ட முடியும்."

என் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் யாராவது சிரித்தார்கள் என்றால் வியாழக்கிழமைதான். நானும் சிரித்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

நாற்பத்தொன்றாம் ஆண்டில் யூதர்களை ஏற்றிப்போகும் ரயில்கள் ஆரம்பித்தன. ஒவ்வொரு ரயிலுக்கு முன்பும் காவல் அலுவலகத்திலிருந்து டிட்மார் தொலைபேசியில் கூப்பிடுவான். சிறுவனாக ஆலயத்துத் திடப்படுத்தல் வகுப்பில் என்னிடம் வேதம் படித்தவன்; மரியாதை தெரிந்தவன். "ஐயா, உங்க ஆளு இன்னும் வேணுமா?" என்பான். வேண்டும் என்பேன். அவ்வளவுதான். இரண்டு முறை அப்படிச் சொன்னேன், இரண்டு முறையும் பாக்கராக் ஊரிலேயே இருந்தார். அந்த நன்மையை இதுவரை யாரும் என் கணக்கில் சேர்க்கவில்லை.

என் புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றியது. உங்களுக்குத் தெரிந்த கதை. காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் முதலாளி ஒரே கூலி கொடுக்கிறார். யூதர்களிடமும் இதுபோல ஒரு கதை உண்டு. அதில் குறைந்த நேரம் உழைத்தவன் முழுக் கூலி வாங்குவதற்குக் காரணம், மற்றவர்கள் நாள் முழுவதும் செய்ததை அவன் சீக்கிரமே செய்து முடித்தான் என்பது. அங்கே திறமைக்குக் கூலி, இங்கே கருணை. இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் என் புத்தகம் முழுவதும் நின்றது. தகுதி பார்க்காமல் கொடுக்கும் கை யூதர்களுக்குத் தெரியாது என்று எழுதினேன்.

திருத்தத்துக்கு வந்த அச்சுப் பிரதியை பாக்கராக் என் முன்னாலேயே வாசித்தார். பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேராசிரியரே, சோம்பேறிங்க கதை உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அடுத்த வாரம் தன் சொந்தப் பிரதியைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். வேதாகமத்தின் சங்கீதப் பாடல்களுக்கு யூதர்கள் எழுதிய பழைய விளக்கம். நன்றாக உழைப்பவனுக்கு ஒரு ராஜா கூலி கொடுத்தால் அதில் என்ன பெருமை? சோம்பேறிக்கும் முழுக் கூலி கொடுத்தால் அல்லவா பெருமை என்று அதில் இருந்தது. நூல் இயேசுவுக்குப் பிற்காலத்தது என்றேன். நூல் பிந்தியது, கதை முந்தியது என்றார். வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஏன் அது பழசு என்று காட்டினார். அழகான வாதம். ஓட்டை தேடினேன், கிடைக்கவில்லை.

"நாலாவது அத்தியாயம் மட்டும்தானே," என்றார். "மாத்திடுங்க. மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு. தோட்டத்து முதலாளியை எங்ககிட்ட விட்டுடுங்க, பாவம், அவருக்கும் பக்கத்து வீடுன்னு ஒண்ணு வேண்டாமா?"

மாற்றுகிறேன் என்றேன். மாற்றத்தான் நினைத்தேன். ஆனால் வீட்டைத் தாங்கும் தூணை மட்டும் உருவி எடுக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் எனக்கு வரவிருந்த பதவி அந்தப் புத்தகத்தை நம்பி இருந்தது. அதைவிட, பல வருடங்களாக நான் தேடிக்கொண்டிருந்த இயேசு அந்த நான்காம் அத்தியாயத்தில்தான் தனியாக, தெளிவாக, யாருடைய பிள்ளையாகவும் இல்லாமல் நின்றார். அவரைத் திரும்பக் கூட்டத்தில் தொலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை டிட்மார் கூப்பிட்டான். "ஐயா, உங்க ஆளு இன்னும் வேணுமா?"

இதில் கொஞ்சம் கவனம் வையுங்கள். அவன் கேட்டது, அந்த மனிதர் நல்லவரா என்றல்ல, வாழலாமா என்றல்ல. வேலைக்குத் தேவையா என்றுதான். புத்தகம் அச்சில் இருந்தது. யூத நூல்களைத் தேடும் வேலை முடிந்திருந்தது. ஆராய்ச்சி செய்பவன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"வேலை முடிஞ்சிடுச்சு, டிட்மார்," என்றேன்.

"சரிங்க ஐயா."

அந்த வாரமும் பாக்கராக் வந்தார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்து எபிரெயச் சொற்களில் சில எழுத்துப்பிழைகள் இருந்தன. அவரே உட்கார்ந்து திருத்தினார். வேறு யாரும் அதை அவ்வளவு சரியாகச் செய்திருக்க முடியாது. சங்கீத விளக்கத்தை என்னிடமே விட்டுப்போகும்படி கேட்டேன், இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று. சந்தோஷமாகக் கொடுத்தார். எங்களூரில் அந்த நூலுக்கு வேறு பிரதி இல்லை என்று அவரே முன்பு சொல்லியிருந்தார்.

"அடுத்த வியாழன் இன்னும் ரெண்டு கதை காட்டுறேன்," என்றார் வாசலில். "அதைப் பார்த்தா அஞ்சாவது அத்தியாயமும் காலி."

"பார்ப்போம், டாக்டர்," என்றேன்.

சனிக்கிழமை காலையில் அவர்களை ரயிலடிக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. போகிற இடம் எப்படிப்பட்டது என்று தெரியாது என இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும். டிட்மாரே சொல்லியிருந்தான்.

நான்காம் அத்தியாயம் ஓர் எழுத்துகூட மாறாமல் வெளிவந்தது. தவக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு எங்கள் ஆலயத்தில் அந்தத் திராட்சைத் தோட்டத்துக் கதைதான் வாசிக்கப்படும். இந்த ஆண்டும் நானே பிரசங்கம் செய்தேன். தகுதி பார்க்காமல் கொடுக்கும் கையைப் பற்றிப் பேசியபோது சில பெண்கள் அழுதார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், அவரை அனுப்பியது நான்தான். ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நியாயமாக இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் எந்த இடம் தவறு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, சொல்லித்தரவும் ஆளில்லை. வியாழக்கிழமைகளில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இந்த விஷயத்தில் அவர் என்னை எவ்வளவு தனியாக விட்டுப் போய்விட்டார் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.