தோணியில் ஏறாதவர்கள்

மஹ்ரூப்: …அதான் சொல்றன் மிஸ், இண்டைக்கு எண்ணாதீங்க.

தர்சிகா: நல்ல கதை! பாலம் போடலாமோ எண்டு பாக்க, தோணியில கடக்கிற ஆக்களை எண்ணத்தானே என்னைக் கந்தோரால அனுப்பினவை. விடிய வந்தனான் மஹ்ரூப் நானா, ஏழெட்டுப் பேர்தான் கடந்திருக்கினம்.

மஹ்ரூப்: வெள்ளிக்கிழமையில வந்து எண்ணினா? ஜும்மா முடியுமட்டும் அக்கரையில எங்கட ஊரில கடையும் பூட்டு, மில்லும் பூட்டு. தோணி விடுற நானே இப்ப தொழப் போறன். ஆர் மிஸ் வருவா?

தர்சிகா: ஐயோ… திகதி போட்டவைக்கு அது உறைக்கேல்லையே. எனக்கும்தான்.

மஹ்ரூப்: இந்தக் கணக்கைக் குடுத்தா பாலம் வருமா?

தர்சிகா: வராது. இவ்வளவு செலவுக்கு ஆக்கள் காணாது எண்டு, காசு இந்தக் கரை ரவுனில சந்தைக் கட்டடத்துக்குப் போயிடும்.

மஹ்ரூப்: அந்தச் சந்தைக்கு நாங்க எப்பிடிப் போறதாம்… நீந்தியா?

தர்சிகா: சிரிக்க வைக்காதேங்கோ. பாலம் வந்தா உங்கட தோணியில ஆர் ஏறுவினம்? வராட்டி உங்களுக்கு நல்லந்தானே?

மஹ்ரூப்: வலை கிடக்கு, கடல் கிடக்கு. மீன் என்ன பாலத்தாலயா போகப்போகுது?

தர்சிகா: பகிடியை விட்டிட்டுச் சொல்லுங்கோ.

மஹ்ரூப்: …எங்கட ஊரில ஒரு புள்ள இருக்கு. இந்தக் கரை ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. தோணியில கால் வைக்க நடுங்குறா. பஸ்ஸில சுத்தி வந்தா மத்தியானமாகிரும். வேலையே வேணாமெண்டு அழுதுட்டு இருக்கா. அவளை எப்பிடி எண்ணுவீங்க?

தர்சிகா: கடக்கிற ஆக்களைத்தானே… பொறுங்கோ. பாலம் வந்தா அந்தப் பிள்ளை கடக்கும்தானே? அப்ப அதுவும் பலன்தான்! ஏறாத ஆக்களையும் வீடு வீடாக் கேக்கவேணும்.

மஹ்ரூப்: கேப்பீங்களா?

தர்சிகா: திங்கள் வந்து திரும்ப எண்ணுறன், கேக்கிறன். சண்டை பிடிச்சாவது எழுதுவன். ஆரின்ர பிள்ளை அது?

மஹ்ரூப்: அது ஆராயிருந்தா என்ன மிஸ்?

தர்சிகா: சொல்லுங்கோவன்.

மஹ்ரூப்: …என்ட மகள்தான், ரிஸ்னா. வெளிய சொல்லிராதீங்க மிஸ். தோணிக்காரன்ட மகளுக்குத் தண்ணியெண்டா பயமெண்டு ஊரே சிரிக்கும்.

தர்சிகா: சத்தியமாச் சொல்லமாட்டன்.

மஹ்ரூப்: அப்ப தோணியில ஏறுங்க, வீட்ட போய் அவளையும் பாத்த மாதிரி. பொஞ்சாதி நல்ல தேத்தண்ணி தருவா.

தர்சிகா: இல்லை நானா… இண்டைக்கு வேண்டாம்.

மஹ்ரூப்: ஏன், எங்கட வீட்டில குடிக்கமாட்டீங்களா?

தர்சிகா: ஐயையோ, அப்பிடி நினைக்காதேங்கோ! திங்களும் நான் பஸ்ஸில சுத்தித்தான் உங்கட வீட்டுக்கு வருவன்… தோணியைக் கண்டா எனக்கும் கைகால் உதறுது. ரிஸ்னாவோட என்னையும் சேத்து எண்ணுங்கோ.