சுவர்ப் பக்கத்துப் படங்கு

கச்சான் கடலையை நன்றாக வெயிலில் காயப்போட்டால் வண்டு வராது என்று பலர் நினைக்கிறார்கள், சேர். வண்டு ஓடிவிடும், முட்டை பருப்புக்குள்ளேயே இருக்கும். அதற்குப் புகைமருந்துதான் வேண்டும். சாய்ந்தமருதில் இருபத்திரண்டு வருடமாக நான் கச்சான் வாங்கி விற்கிறேன். மூட்டைகளை அடுக்கி, மருந்துக் குளிசைகளை வைத்து, தடித்த பொலித்தீன் படங்கால் மூடுவேன். படங்கின் ஓரம் முழுவதும் மணல் நிரப்பிய பைகளை நெருக்கி வைக்க வேண்டும். குளிசையிலிருந்து கிளம்பும் வாயு சிறு நீக்கலையும் கண்டுபிடித்துவிடும். அது அடங்கும்வரை அந்தப் பக்கம் ஆள் போகக்கூடாது.

என் களஞ்சியம் வீட்டின் முன்னறை. அடுத்தது மகள் ஜெனூபாவின் அறை. இடைச்சுவர் கூரைவரை போகாது. அதனால் மருந்து போடும்போதெல்லாம் குடும்பத்தோடு நிந்தவூரில் என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவோம். அத்தனை வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை.

ஜெனூபா எனக்கு ஒரே பிள்ளை. எங்கள் வழக்கப்படி வீட்டை அவள் பேரில் எழுதினேன். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படித்தான் மருதமுனை அக்ரம் வந்தார். பேக்கரியில் இரவு வேலை. விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து மத்தியானம் லுஹர்வரை தூங்குவார். நல்ல பிள்ளை. ஒரு குறையும் சொல்லமாட்டேன். வரும்போது ஜெனூபாவுக்குச் சூடான பணிஸ் கொண்டுவருவார். முதலில் அவள் அதில் பாதியை எனக்கு வைத்தாள். பிறகு மறந்துவிட்டாள்.

ஒருநாள் அவர் சொன்னார்.

"மாமா, நீர்கொழும்பில எங்கட மூத்த நானாட பேக்கரிய நான் பாக்கப்போறன். ஜெனூபாவும் வாறா."

"அப்ப ஊடு?"

"ஊடு எங்க மாமா ஓடப்போகுது? நீங்க இருக்கிறீங்கதானே."

ஜெனூபா சிரித்தாள். "வாப்பாக்கு நான் இல்லாட்டி தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி எண்டும் தெரியா. இனியாவது பழகட்டும்."

அவள் போவதைவிட, சிரித்துக்கொண்டு போவதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. நான் சண்டை பிடிக்கவில்லை. நான் சண்டைக்காரன் இல்லை.

தங்கச்சி வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. ஜெனூபாவையும் என் மனைவி ஸுலைஹாவையும் முதல்நாளே அனுப்பிவைத்தேன். மருந்து போடுவதை எவருக்கும் சொல்லவில்லை. அந்த மருந்து வெள்ளைப்பூடு போல மணக்கும். ஆகவே ஒரு மூட்டை வெள்ளைப்பூடு வாங்கி விறாந்தையில் வைத்தேன்.

விடிய அக்ரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன மாமா, கச்சான உட்டுட்டு வெள்ளப்பூடு யாவாரமா? மூக்கு வெடிக்கிது."

"மலிவா வந்திச்சு மகன். வெயில் ஏறப்போகுது, ஜன்னலச் சாத்திட்டுப் படுங்க."

"ஓம் மாமா."

படங்கின் மூன்று பக்கமும் மணல் பை வைத்திருந்தேன். அவர் அறைச் சுவர்ப் பக்கம் வைக்கவில்லை. கல்முனைச் சந்தைக்குப் போய், லுஹர் பாங்கு கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

மரண விசாரணையில், மருந்து போட்டதை அவரிடம் சொல்லியிருந்தேன், நித்திரைக் கலக்கத்தில் மறந்திருப்பார் என்றேன். நம்பினார்கள். அவருடைய தாய் சல்மா உம்மாவே கதவுக்குப் பின்னால் நின்று, "அழாதீங்க, அல்லாஹ்ட நாட்டம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டைவிட்டுப் போகக்கூடாது. நான் அதையும் முன்பே எண்ணிப் பார்த்திருந்தேன். ஜெனூபா அந்த அறையிலேயே இருந்தாள். என்னோடு அதிகம் கதைக்கவில்லை, ஆனால் இருந்தாள். அத்தனை நிம்மதியான காலம் என் வாழ்வில் வந்ததில்லை.

முந்தாநாள் இத்தா முடிந்தது. பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாப்பா, நான் மருதமுனைக்குப் போய் மாமியோட இருக்கப்போறன். அவங்களுக்கு இனிப் பக்கத்தில ஆருமில்ல. தறி பழகித் தாறன் எண்டாங்க."

நாளைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறாள்.

மூடிவிட்ட விசயத்தை ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனச்சாட்சி என்று எழுதுங்கள், பரவாயில்லை. ஸுலைஹாவுக்குச் சீனி வருத்தம், சேர். கண் பாதி தெரியாது. காலையும் மாலையும் ஊசி போட்டுவிட ஆள் வேண்டும். இப்போது அதை நான்தான் செய்கிறேன். நான் உள்ளே போய்விட்டால் ஜெனூபா உம்மாவைத் தனியே விட்டு எங்கும் போகமாட்டாள். என் பிள்ளையை எனக்குத் தெரியும்.