அம்பலத்தின் பெயருக்கு ஒன்பது அடி பிலிம்

தலைமை ஏற்றிருக்கும் நம் முதலாளி சபாநாயக முதலியார் அவர்களே, மேடையில் அமர்ந்துள்ள பெரியோர்களே, அம்பலத்தின் துணைவியார் தர்மாம்பாள் அம்மையார் அவர்களே, சிதம்பரத்திலிருந்து காலை ரயிலில் வந்திருக்கும் உறவினர்களே, கெடிலம் பிக்சர்ஸ் சித்திரக்கூடத்தில் என்னோடு உழைக்கும் சகோதர சகோதரிகளே! பரங்கிப்பேட்டை முஹம்மது இஸ்மாயிலின் வணக்கம். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. நான் காமிராவுக்குப் பின்னால் நிற்கிறவன். தப்பாக ஏதும் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்னாலும் சிலர் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நம் சித்திர மேற்பார்வையாளர் அம்பலம் சென்ற மாதம் டைபாய்டு ஜுரத்தில் படுத்தார். பதினோராம் நாள் போய்விட்டார். வயது நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று சாகிற வயதா? இல்லை. ஆனால் போய்விட்டார்.

அவர் என்ன வேலை செய்தார் என்று இங்கே பலருக்குத் தெரியாது. தியேட்டர் வாசலில் பேனர் எழுதினாரா? இல்லை. ஸ்டூடியோவில் சீன் துணி தீட்டினாரா? அதுவும் இல்லை. ஒரு படம் எடுக்கும் முன்பே அதன் முதல் காட்சி தொடங்கிக் கடைசிக் காட்சி வரை அஞ்சலட்டை அளவுக் காகிதங்களில் வரைந்து, பெரிய பலகையில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவார். அந்தப் பலகையைப் பார்த்தால் படத்தையே பார்த்தாற்போல. பிறகு அந்தக் காட்சிகளை அசைய வைக்க ஆயிரக்கணக்கில் படங்கள் வேண்டும். பென்சிலில் இவர் வரைந்து கொடுப்பார். பெண்கள் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் மையால் நகல் எடுப்பார்கள். ஒவ்வொரு தாளையும் இவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டு என்னிடம் அனுப்புவார். நான் ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பேன். ஒரு விநாடி ஓட்டத்துக்குப் பன்னிரண்டு படம். எட்டு நிமிஷப் படத்துக்கு எத்தனை என்று வீட்டுக்குப் போய்ப் பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்!

நாற்பத்திரண்டில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியானபோது நம் கம்பெனி கடலூர் முதுநகருக்கு வந்தது. கப்பல் வராததால் சும்மா கிடந்த மல்லாக்கொட்டைக் கிடங்கில் மேஜை போட்டோம். அம்பலம் சிதம்பரத்தில் ஏறுவார், நான் பரங்கிப்பேட்டையில் ஏறுவேன். ரயிலில் அவர் சும்மா வந்ததே இல்லை. எதிரில் இருப்பவர்களை நோட்டில் வரைந்துகொண்டே வருவார். ஒரு நாள் புதுச்சத்திரத்தில் ஏறிய மீன்கார அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், இன்னாய்யா அப்டி உத்து உத்துப் பாக்கற?"

இவர் பதறிப்போய் நோட்டைக் கொடுத்துவிட்டார். கூடையோடு அவள் ஏறுவது, உட்காருவது, காசை முடிவது, எல்லாம் ஏழெட்டுப் படமாக அதில் இருந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் சரிதான். என் இடுப்பு இம்மாம் பெருசா?" என்றாள்.

அவள் இறங்குவதற்குள் இடுப்பைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். அவ்வளவு பயந்த மனிதர்! அந்தப் பயந்த மனிதர் ஒரே ஒரு தடவை துணிந்து நின்றதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நம் முதல் கார்ட்டூன் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் தேர் பார்க்கப் போகிற கதை. அதில் குழந்தையின் முகத்தை நகல் எடுத்தவர் அமிர்தம். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவர் ஒவ்வொரு தாளிலும் குழந்தையின் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார். பென்சில் படத்தில் பொட்டே கிடையாது. நானூறு தாளில் கண்ணளவாக வைத்த பொட்டு. ஒன்று கன்னத்தில், ஒன்று சற்று மேலே, ஒன்று தாடையோரம். சரிபார்த்த அம்பலத்துக்கு அது தெரியவில்லையா? தெரிந்தது. படம் பிடித்த எனக்குத் தெரியவில்லையா? நானும்தான் பார்த்தேன். எங்கள் இருவர் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. பொட்டு இல்லாமல் இருந்திருந்தால்தான் எங்கள் கண்ணை உறுத்தியிருக்கும்!

முதலாளி, அம்பலம், நான் மூவரும் திரையில் போட்டுப் பார்த்தோம். பொட்டு குழந்தையின் முகமெல்லாம் ஓடியது.

மறுபடி எடுக்க வழியில்லை. சண்டைக் காலம், பிலிம் அளந்துதான் கிடைக்கும். செல்லுலாய்டும் கிடைக்காது என்று பழைய தாள்களைக் கழுவி அடுத்த காட்சிக்குக் கொடுத்துவிட்டோம். முதலாளிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "யார் செய்த வேலை இது? அந்த ஆள் நாளைக்கு இங்கே இருக்கக் கூடாது" என்றார்.

அமிர்தத்தின் கணவர் ரங்கூன் போனவர். சண்டை தொடங்கியபின் கடிதம் இல்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அம்பலம் எழுந்து நின்றார்.

"நான் பாத்து, நான் கையெழுத்துப் போட்டு அனுப்புனது. என் தப்புங்க" என்றார்.

மேற்பார்வையாளரை அனுப்பினால் படம் நின்றுவிடும். அதனால் முதலாளி அவரை அனுப்பவில்லை. டைட்டிலில் இருந்து அவர் பெயரை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தோம்.

மறுநாள் அம்பலம் பலகையில் புதிதாகப் பதினாறு காகிதம் குத்தியிருந்தார். முகத்தில் ஓடுவது பொட்டு அல்ல, ஈ! தாய் விசிறியை எடுத்துக்கொண்டு துரத்துகிறாள். ஈ பறந்துபோய்த் தூங்கும் தகப்பன் மூக்கில் உட்காருகிறது. விசிறி அங்கே விழுகிறது. மிச்சமிருந்த பிலிமில் அதை எடுத்துச் சேர்த்தோம். எந்த ஊரிலும் ஜனங்கள் அதிகமாகச் சிரித்தது அந்த இடத்தில்தானே! முதலாளியே கடலூர் தியேட்டரில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். "அடுத்த படத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அம்பலமும் சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்கு அன்றைக்கே ஆத்திரம். வாயைத் திறக்கவில்லை. அது என் குற்றம்.

அமிர்தத்துக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. சொல்லக் கூடாது என்று அம்பலம் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். போன வாரம்தான் சொன்னேன். அவர் அழுது முடித்துவிட்டு, "பாய், மேடையில என் பேரச் சொல்லியே சொல்லிடுங்க. அவுரு எனக்காக வாயத் தொறந்தாரு. இப்பவும் நான் ஒளிஞ்சிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அதனால்தான் சொன்னேன்.

அந்த அடுத்த படம் இதோ தயாராகிக்கொண்டிருக்கிறது. முக்கால் பங்கு முடிந்துவிட்டது. மீதிக் காட்சிகளை எல்லாம் ஜுரத்தில் படுப்பதற்கு முன்பே அம்பலம் பலகையில் குத்தி வைத்துவிட்டார். டைட்டில் பட்டியலும் போன வாரம் முதலாளியின் சென்னை ஆபீசிலிருந்து வந்தது. அம்பலத்தின் இடத்தில், இனிமேல் வேலைக்கு வரப்போகும் ஒருவரின் பெயர் இருக்கிறது. அவர் இன்னும் ஒரு கோடு கூடப் போடவில்லை. இது நியாயமா? முதலாளி அவர்களே, உங்கள் உப்பைத் தின்கிறவன் கேட்கிறேன், இது நியாயமா?

நான் அனுமதி கேட்கவில்லை. நேற்றுக் காலை டைட்டிலைப் படம் பிடித்துவிட்டேன். "காட்சிப் பலகை, சித்திர மேற்பார்வை: சிதம்பரம் அம்பலம்." எழுத்து அமிர்தத்துடையது. ஒன்பது அடி பிலிம் செலவாயிற்று. பிலிம் உங்களுடையது. கத்தரியும் உங்களுடையதுதான், வெட்டலாம். அந்த இடத்தில் வேறு பெயரைப் படம் பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள், நான் வரமாட்டேன்.

சித்திரக்கூடத்தார் எல்லோர் சார்பிலும் உறுதி கூறுகிறேன்: பலகையில் அவர் குத்தி வைத்தது குத்தி வைத்தபடியே, ஒரு காகிதம் இடம் மாறாமல், இந்தப் படத்தை முடிப்போம். இனி எடுக்கும் படத்துக்கும் முதலில் பலகைதான் வரைவோம்.

தர்மாம்பாள் அம்மா, படம் வருகிற அன்று நீங்கள் முன் வரிசையில் வந்து உட்கார வேண்டும். ஒன்பது அடி என்பது ஆறு விநாடிதான். கண்ணைத் துடைக்கக் குனிந்துவிடாதீர்கள் அம்மா, அதற்குள் பெயர் போய்விடும்.