செய்முறையில் இல்லாத பத்து நிமிஷம்

– என்னங்க, ஆலையை மூடப் போறாங்கன்னு எல்லாரும் தலையில கை வச்சு உக்காந்திருக்காங்க. நீங்க மூணு நாளா விசில் அடிக்கிறீங்க?

– விசிலுக்கும் தடை போட்டாச்சா?

– நூத்தியிருபது பேருக்கு வேலை போகுதுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

– இங்க போகுது. வெளிநாட்டுல இவங்களே தொறக்குற புது ஆலைக்கு முந்நூறு பேரை எடுக்குறாங்கல்ல? பெயின்ட்டுக்குப் பசை காய்ச்சுற வேலை எங்கயும் அழியலடி. வீடு மாத்துது, அவ்வளவுதான்.

– முந்நூறும் அந்த ஊர்க்காரங்க. உங்களை எவன் கூப்பிடுவான்?

– கூப்பிடுவாங்க... யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?

– பதினாறு வருஷமா நீங்க காய்ச்சின பசையை லேப்ல சோதிக்கிறேன். கெட்டுப்போனதை வெளிய சொல்லிருக்கேனா?

– மேனேஜருக்கு எழுதியே குடுத்தியே.

– அது வேலை. இது குடும்பம். சொல்லுங்க.

– அங்க அனுப்பணும், செய்முறையை எழுதிக் குடுன்னாங்கல்ல? அதுல ஒண்ணை விட்டுட்டேன்.

– எதை?

– நுரை அடங்கட்டும்னு பத்து நிமிஷம் கலக்குறதை நிறுத்துவேனே... அதை.

– அடப்பாவி மனுஷா. பசை கட்டி தட்டிப் போகுமே.

– போச்சு. அங்க மூணு தடவை.

– சிரிக்காதீங்க.

– பயந்துதான்டி செஞ்சேன். ஐம்பத்திரண்டு வயசுல எனக்கு யாரு வேலை குடுப்பா? இப்ப பாரு, தெரிஞ்ச ஆளை அனுப்புங்கன்னு அவங்களே கேட்டாகணும்.

– கேட்டுட்டாங்க.

– எப்ப?

– காலையில. மேனேஜர் லேப்புக்கே வந்து சொன்னாரு. ரெண்டு வருஷ வேலை. வீடு குடுக்குறாங்க. குடும்பத்தையும் கூட்டிட்டு வரலாமாம்.

– பாத்தியா... உன்னை விட்டுட்டா போவேன்? நீயும் வா. அங்க ராணி மாதிரி உக்காரு.

– ம்... நானும் அதைத்தான் கேட்டேன். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலாமான்னு.

– யார் வீட்டுக்காரரை?

– என் வீட்டுக்காரரைத்தான்.

– ஏய்... என்னடி சொல்ற?

– நீங்க நிறுத்துற அந்தப் பத்து நிமிஷத்துலதானே நான் லேப்புக்கு சாம்பிள் எடுக்க வருவேன்? தினமும் நேரம் போட்டு எழுதி வச்சிருக்கேன். நோட்டைக் காட்டினேன். தெரிஞ்ச ஆள் நான்தானாம். ஃபாரத்துல உங்களைக் 'கூட வருபவர்'னு போட்டிருக்கேன்.

– இன்னிக்குத்தான் தோணுச்சா உனக்கு? மூணு தடவை கெட்டப்ப எங்க போச்சு நோட்டு?

– நீங்க எழுதின செய்முறையை டைப் அடிச்சது யாருங்க? விட்டதை அன்னிக்கே பாத்துட்டேன்... கெடட்டும்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன்.