வெட்டுத்துணிக்கு அடியில் போட்ட ஊசி

என் பெயரும் கணவர் பெயரும் முதல் தாளில் எழுதியுள்ளபடி சரியே. வயது நாற்பத்திரண்டு. மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியின் பின்பக்க வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டிலேயே துணி தைக்கிறேன். கணவர் பேருந்து நடத்துநர். சர்க்கரை நோய்க்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்பவர். யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் நான்காம் தேதி கணவருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. அன்றே சுகாதாரப் பணியாளர் வந்து ஒரு கட்டு மஞ்சள் பை கொடுத்து, முகக்கவசம், சளி துடைத்த தாள் எல்லாவற்றையும் அதில் கட்டித் தனியாக வாசலில் வைக்க வேண்டும், ஊசியை மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட வேண்டும் என்று விளக்கினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. மறுநாள் ஒரு பையை வாசலில் வைத்தேன். எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்தவர் அதைப் பார்த்ததும் சாத்திக்கொண்டார். மதியத்துக்குள் இரண்டு பேர் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்பக் கேட்டு ஆளனுப்பினார்கள். வீட்டுக்காரர் படியில் நின்றபடியே, "காலி பண்ணுங்கன்னு சொல்ல வெச்சிடாதீங்கம்மா" என்றார். அதன் பிறகு மஞ்சள் பைகளை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் தையல் மிச்சமான வெட்டுத்துணிக்கு அடியில் திணித்துச் சாதாரணப் பையில் கட்டினேன். ஊசிகளும் அதிலேயே போயின.

எங்கள் கட்டடத்தில் குப்பை எடுப்பவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எல்லா வீட்டுப் பைகளையும் வண்டியில் கொட்டிய பிறகு, தலையணைக்கு அடைக்க என் வெட்டுத்துணிகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார். ஆறு வருடமாக அப்படித்தான். அது எனக்குத் தெரியும். பதினொன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு ஜன்னலில் நின்றிருந்தேன். கீழே வண்டியருகே அக்கா குப்பைக்குள் விட்ட கையைச் சட்டென்று இழுத்து, கையுறையைக் கழற்றி, விரலைப் பிதுக்கினார். நான் திரையை இழுத்து விட்டேன்.

அக்கா விரலில் ஊசி குத்தியது தெரிந்து அதிகாரிகள் வந்து, எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்துக் கிளினிக்கின் ஊசிதான் அது என்று முடிவு செய்து, அதைப் பூட்டினார்கள். அங்கே வேலை பார்த்த கம்பவுண்டரை நிறுத்திவிட்டார்கள். அவர் தெருவில் நின்று, "நான் டப்பாவில போட்டு மூடித்தாங்க அனுப்புறேன்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு தனி வார்டில் சேர்த்ததாகக் கேள்விப்பட்டேன். கணவர் குணமானதும், நேற்று அங்கே போய், கண்ணாடிக்கு இப்பால் நின்று போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர், "ஒரு வார்த்தை என் காதுல போட்டிருந்தா இடுக்கியால எடுத்திருப்பேனேம்மா. எத்தனை வீட்டுக் குப்பையைப் பாக்குறேன், யாரு வீட்டு சங்கதியையாச்சும் வெளிய சொல்லியிருக்கேனா?" என்றார். கடைசியாக, "அந்தக் கம்பவுண்டர் பாவம், போய்ச் சொல்லு" என்றார்.

இப்போது அவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. தொற்று என் வீட்டுக் குப்பையிலிருந்துதான் வந்ததா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. ஊசி குத்தியதற்காக மூன்று மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி சோதிப்பார்களாம்.

எழுதியதைப் படித்துக் காட்டியபோது, "கவனக்குறைவால் போட்டேன்" என்று ஓரிடத்தில் இருந்தது. அதை அடிக்கச் சொல்லி, "தெரிந்தே போட்டேன்" என்று எழுதச் சொன்னேன். திருத்திய இடத்தின் பக்கத்திலும், கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி இதில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)