ஆந்தைக்குக் கிடைத்த வீடு

மெர்லிமாவிலிருந்து மலாக்காவுக்குப் போகும் காலை பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

“ஆந்தைக்கெல்லாம் வீடு குடுத்துட்டாங்க, லதா. எனக்குத்தான் இல்ல.”

“ஆந்தைக்கு வீடாக்கா?”

“எங்க தோட்டத்துல செம்பனை மரத்துக்கு நடுவுல கம்பம் நட்டு, மேல பெட்டி வச்சிருக்காங்க. எலிய அதுங்களே புடிச்சிடுது. இப்ப நாங்க எலி மருந்து வைக்கிறதில்ல. என் கை அரிப்பும் போயிடுச்சி.”

“அப்ப நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆந்தைங்க வந்து ரெண்டு வருசந்தான் ஆவுது, அதுங்களுக்கு வீடு இருக்கு. நான் முப்பது வருசம் ஒழைச்சிருக்கேன். அடுத்த மாசம் வேல முடியுது, தோட்டத்துல குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.”

வீட்டு மனு கொடுக்கும் அலுவலகம் வந்தது. மூத்தவர் மனுத் தாள்களோடு எழுந்தார். லதாவும் எழுந்தார்.

“நீ பாசாருக்கு மீன் வாங்கப் போவணும்னியே?”

“மீன் நாளைக்கும் கெடைக்கும்லா. உங்களுக்குக் கோவம் வந்தா மலாய் மறந்துடும். போன தடவ அந்த ஆபீசரத் தமிழ்லயே திட்டிட்டு வந்தீங்க. இன்னிக்கு நான் பேசறேன். நீங்க பக்கத்துல நின்னு மொறைங்க, போதும்.”